சாரா உதவி மாறினால் சமாளிப்பது எப்படி?

2025 ஆகஸ்டு 31-ஆம் தேதி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களின் மைகார்டில் 100 ரிங்கிட் சாரா உதவி சேர்ந்தது. டிசம்பர் 31-உடன் அது காலாவதியானது. பூச்சோங்கில் அதை நம்பி அரிசி, முட்டைக்கு பட்ஜெட் போட்டவர்கள் ஜனவரியில் கைக்காசைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மாதாந்திர சாரா வேறு. அது எஸ்.டி.ஆர். பதிவை ஒட்டியே வருகிறது. வீட்டில் வருமானம் மாறினாலும், அப்பா இறந்திருந்தாலும் மைஎஸ்டிஆரில் விவரத்தைப் புதுப்பியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சாரா பணத்தை ரொக்கமாக எடுக்க முடியாது. பதிவுபெற்ற கடைகளில் குறிப்பிட்ட அடிப்படைப் பொருள்கள் மட்டுமே வாங்கலாம். முதல் நாளே எல்லாரும் கிளம்பியதில் கட்டண முறை தடுமாறியது நினைவிருக்கும். இரண்டு நாள் கழித்துப் போங்க. அம்மாவின் மைகார்ட் சிப் பழுதென்றால், அதற்கு முன்பே தேசியப் பதிவிலாகாவில் மாற்றிவிடுங்கள்.