சோகோவின் கணக்கு

1964 அக்டோபர் 1, காலை 6 மணி. டோக்கியோ ரயில் நிலையத்தில் ரிப்பன் வெட்டுகிறார்கள். வெள்ளையும் நீலமுமாக ஒரு ரயில் ஒசாகாவை நோக்கிக் கிளம்புகிறது. உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். தினசரிப் பயணிகள் சேவையில் அதுவரை உலகத்தில் எந்த ரயிலும் அந்த வேகத்தில் ஓடியதில்லை. இன்னும் பத்து நாளில் ஒலிம்பிக்ஸ் வேறு. போரில் சாம்பலான ஒரு நாடு பத்தொன்பது ஆண்டுகளில் எழுந்து நின்று ‘எங்களைப் பாருங்கள்’ என்று சொன்ன தருணம் அது.

அந்த ரயிலைச் சாத்தியமாக்கிய இரண்டு பேர் மட்டும் அந்த நடைமேடையில் இல்லை. ஒருவர் சோகோ ஷின்ஜி, ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் ஷிமா ஹிதேயோ, அவருடைய தலைமைப் பொறியாளர். இருவரும் முந்தைய ஆண்டே பதவியிலிருந்து போய்விட்டார்கள். காரணம், பணம். பாராளுமன்றத்தில் சொன்ன செலவு 19,720 கோடி யென். கடைசியில் ஆனது சுமார் 38,000 கோடி யென். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

என்னைப் போல மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. ஆறு மாதம் என்று சொன்ன ப்ராஜெக்ட் ஒரு வருடம் இழுப்பது எங்கள் ஊரில் வானிலை மாதிரி. ஆனால் சோகோவின் விஷயம் வேறு. அது தப்பிப்போன கணக்கு இல்லை, தெரிந்தே குறைத்துச் சொன்ன கணக்கு என்றே சொல்லப்படுகிறது. உண்மைத் தொகையைச் சொன்னால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று அந்தக் கிழவருக்குத் தெரியும்.

அந்தக் கணக்கு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அவர் எதை வாங்குவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்று பார்க்க வேண்டும்.

*

ஜப்பானின் முதல் ரயில் 1872இல் ஓடியது. ஆங்கிலேயப் பொறியாளர்களின் வழிகாட்டலில் போட்ட பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,067 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் பரவலாக இருந்தது 1,435. மலையும் ஆறும் நிறைந்த, காசில்லாத ஒரு நாட்டுக்குக் குறுகிய பாதை மலிவாகத் தெரிந்தது. அந்த 368 மில்லிமீட்டர் வித்தியாசம் ஜப்பானிய ரயில்வேக்காரர்களை அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் துரத்தியது. அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு கட்சி, அந்தக் காசில் கிராமங்களுக்குப் புதுப்பாதை போடலாம் என்று இன்னொரு கட்சி. கிராமக் கட்சிக்கு ஓட்டு அதிகம். அதுவே ஜெயித்தது.

1940இல் டோக்கியோவிலிருந்து ஷிமோனோசெக்கி வரை 1,435 மில்லிமீட்டரில் ஒரு தனிப்பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. ‘தோட்டா ரயில்’ என்ற பேர் அப்போது வந்ததுதான். அந்தத் திட்டத்தில் முக்கியமாக இருந்தவர் ஷிமா யாசுஜிரோ, நம் ஹிதேயோவின் அப்பா. நிலம் வாங்கினார்கள், சுரங்கம் தோண்டினார்கள். போர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

1955இல் ஒரு ரயில்வே படகு விபத்தில் 168 பேர் இறந்தார்கள், பலர் பள்ளிக் குழந்தைகள். அப்போதைய தலைவர் விலக, அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஆசையில்லை. அதில் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டவர் சோகோ. வயது 71. இளமையில் அகலப்பாதைக் கட்சியில் இருந்தவர். வந்ததும் முதல் வேலையாக, ரயில்வேயை விட்டுப் போயிருந்த ஷிமா ஹிதேயோவைத் திரும்ப அழைத்தார். அப்பாவின் முடியாத வேலை மகன் கைக்கு வந்தது.

*

அப்போது டோக்கியோ - ஒசாகா பாதை மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது. நாட்டின் மொத்த ரயில் நீளத்தில் சுமார் 3 சதவிகிதம்தான் அது. ஆனால் நாட்டின் ரயில் போக்குவரத்தில் ஏறத்தாழ கால் பங்கை அதுவே சுமந்தது. ரயில்வேக்குள் பெரும்பாலானோர் சொன்ன தீர்வு எளிமையானது: பழைய பாதையின் பக்கத்திலேயே இன்னும் இரண்டு தடம் போடுவோம். சோகோ சொன்னது வேறு: பழையதைத் தொடாதே, புதுசாக ஒன்று போடு. எங்கள் தொழிலில் தினமும் நடக்கும் சண்டைதான் இது. ஓடுகிற பழைய நிரலை ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, முதலிலிருந்து எழுதுவதா?

வேகத்தின் கணக்கைப் பார்த்தால் சோகோவின் பிடிவாதம் புரியும். 100 கிலோமீட்டரில் ஓடும் ரயிலை 200இல் ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரண்டு மடங்கு. ஆனால் காற்று எதிர்க்கும் விசை நான்கு மடங்கு. அந்தக் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் எட்டு மடங்கு. நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. வளைவில் ரயிலை வெளியே தள்ளும் விசையும் நான்கு மடங்கு, ஆகவே வளைவின் ஆரமும் நான்கு மடங்கு பெரிதாக வேண்டும். பழைய பாதை மலையைச் சுற்றி, ஆற்றோடு வளைந்து போகும். புதிய பாதைக்கு அவர்கள் விதித்த குறைந்தபட்ச ஆரம் 2,500 மீட்டர். அப்படியானால் மலை வந்தால் குடைய வேண்டும், ஊர் வந்தால் மேலே தூக்க வேண்டும்.

210 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 58 மீட்டர் கடந்துவிடும். பாதையோரக் கைகாட்டியைப் பார்த்து ஓட்டுநர் முடிவெடுக்க நேரமில்லை. எனவே சிக்னல் தண்டவாளத்தின் வழியாக ஓட்டுநரின் அறைக்குள்ளேயே வந்தது. வேகம் மீறினால் இயந்திரமே பிரேக் போட்டது. லெவல் கிராசிங் ஒன்றுகூட இல்லை. சரக்கு ரயிலும் ஊர்ந்து போகும் பாசஞ்சரும் இந்தத் தடத்தில் ஏறவே முடியாது, ஏனென்றால் அகலமே வேறு.

இந்த ரயிலின் மூளைகள் சில போரிலிருந்து வந்தவை. ‘ஓகா’ என்ற தற்கொலை விமானத்தை வடிவமைத்த மிக்கி தாதானாவோ, போருக்குப் பிறகு ரயில் பெட்டிகளின் வடிவத்துக்கு வந்தார். ஸீரோ போர் விமானத்தின் அதிர்வுச் சிக்கலை ஆராய்ந்த மாட்சுதைரா தாதாஷி, வேகமாகப் போகும் சக்கரங்கள் தண்டவாளத்தில் பாம்புபோல் நெளியும் சிக்கலை எடுத்துக்கொண்டார். விமான இறக்கையின் நடுக்கமும் ரயில் சக்கரத்தின் நெளிவும் கணிதத்தில் பங்காளிகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1957 மே மாதம் கின்சாவில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில், டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்தில் போகலாம் என்று இவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு மிக விரைவான ரயிலுக்கே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஷிமா இன்னொரு முடிவும் எடுத்தார். முன்னால் ஒரு கனத்த எஞ்சின் இழுக்க வேண்டாம். 12 பெட்டி, 48 அச்சு, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு மோட்டார். பாரம் பரவியதால் தடத்துக்கு அடி குறைந்தது.

இதில் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அதிசயம் இல்லை. பெரும்பாலும் தெரிந்த தொழில்நுட்பங்கள்தான். புதுமை, அவற்றை யாருடனும் எதையும் பகிராத ஒரு பாதையில் வைத்ததில் இருக்கிறது. அதிவேக ரயில் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு ரயில் இல்லை, ஒரு பாதை. ஷின்கான்சென் என்ற சொல்லுக்கே ‘புதிய பிரதானப் பாதை’ என்றுதான் பொருள்.

*

தனியாக இருப்பதற்கு விலை உண்டு. சீனப் பெருஞ்சுவர், பிரமிடு, யமாட்டோ போர்க்கப்பல் வரிசையில் இதுவும் ஒரு முட்டாள்தனம் என்ற கேலி அப்போது பிரபலம். உலகமே விமானத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மாறும்போது இவர்கள் ரயிலுக்குக் கொட்டுகிறார்களே என்று.

சோகோ 19,720 கோடிக்கு அனுமதி வாங்கி 1959 ஏப்ரலில் வேலையைத் தொடங்கினார். அடுத்து அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். உலக வங்கியிடம் கடன் கேட்டார். 1961இல் 8 கோடி டாலர் கிடைத்தது. அன்றைய மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 360 யென். ஆக 2,880 கோடி யென். இறுதிச் செலவில் பதிமூன்றில் ஒரு பங்குகூட வராது. பிறகு எதற்கு? உலக வங்கியிடம் கையெழுத்துப் போட்ட அரசாங்கம் பாதியில் திட்டத்தைக் கைவிட முடியாது. அவர் வாங்கியது பணத்தை அல்ல, பின்வாங்க முடியாத நிலையை.

கணக்கு வெளியே வந்தபோது அவர் போக வேண்டியிருந்தது. 1963 மே மாதம் போனார். அதற்குள் வேலை திரும்பிப் போக முடியாத தூரத்தைத் தாண்டியிருந்தது.

*

பலன்? திறந்த மூன்றாண்டுக்குள் 10 கோடிப் பயணிகள். 1976இல் 100 கோடி. 1965இலேயே பயணம் 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது. காலையில் ஒசாகாவுக்குப் போய் வேலையை முடித்துவிட்டு இரவு டோக்கியோவில் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். இத்தனை ஆண்டுகளில் ஷின்கான்சென் மோதியோ தடம் புரண்டோ பயணி ஒருவர்கூட இறந்ததில்லை. 2004 நீகாட்டா நிலநடுக்கத்தில் ஓடும் ரயில் தடம் புரண்டது, அதிலும் உயிரிழப்பு இல்லை. டோக்கியோ - ஒசாகா பாதை போட்ட காசைத் திருப்பியெடுத்தது, லாபமும் கொட்டியது.

அதனால் சோகோ சரி என்று கதையை முடித்துவிடலாம். பெரும்பாலான புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.

நகோயாவின் தெற்கே சுமார் 7 கிலோமீட்டர் தூரம் பாதை நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே போகிறது. காலை முதல் இரவு வரை சத்தமும் அதிர்வும். 1974இல் அங்கிருந்த 575 பேர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் ரயிலை நிறுத்தச் சொல்லவில்லை, சத்தத்தையும் அதிர்வையும் குறைக்கச் சொன்னார்கள். அதற்கு உடனடி வழி, அங்கே மெதுவாக ஓட்டுவது. 7 கிலோமீட்டரை 210இல் கடக்க இரண்டு நிமிடம். பாதி வேகத்தில் நான்கு நிமிடம். இரண்டு நிமிடத்துக்காகவா வழக்கு என்று தோன்றும். ஆனால் ரயில்வேயின் பதில் தர்க்கப்படி சரியானதே: இங்கே மெதுவாகப் போனால் வழியெங்கும் இதே கோரிக்கை வரும், அப்புறம் அதிவேக ரயில் எங்கே? 1980இல் நீதிமன்றம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது, வேகத்தைக் குறைக்க மறுத்தது. 1986இல் சமரசம். இதற்கிடையே 1975இல் அரசு ஷின்கான்சென் சத்தத்துக்கு வரம்பு விதித்தது, குடியிருப்புப் பகுதியில் 70 டெசிபல். அதற்குப் பிறகு வந்த ரயில்களின் நீண்ட மூக்கும், சத்தம் குறைந்த மின்கொக்கியும் பொறியாளர்களின் கலைநயத்தால் மட்டும் வந்தவை அல்ல. அதில் அந்த 575 பேருக்கும் பங்கு உண்டு.

அடுத்தது கடன். முதல் பாதை ஜெயித்ததும் எல்லா ஊருக்கும் ஒன்று வேண்டும் என்றானது. டோக்கியோவும் ஒசாகாவும் போன்ற இரண்டு பெருநகரங்கள் 515 கிலோமீட்டருக்குள் அமைவது எல்லா இடத்திலும் நடக்காது. ஆனால் தொகுதி எல்லா இடத்திலும் இருக்கிறது. பிரதமராக இருந்த தனாகா காக்குயேயின் நீகாட்டாவுக்கு 1982இல் பாதை போனது. தேசிய ரயில்வே முதன்முறை நஷ்டத்தில் விழுந்தது ஷின்கான்சென் திறந்த அதே 1964இல். 1987இல் அதை உடைத்துத் தனியார்மயமாக்கியபோது மொத்தச் சுமை சுமார் 37 லட்சம் கோடி யென். ஷின்கான்சென் மட்டும் காரணம் இல்லை. நஷ்டத்தில் ஓடிய கிராமப் பாதைகள், ஓய்வூதியம், வட்டி எல்லாம் சேர்ந்தது. ஆனால் அதில் ஒரு பெரும் பகுதி வரி கட்டுபவர் தலையில் விழுந்தது. அவர்களில் புல்லட் ரயிலில் ஏறியே பார்க்காதவர்களும் உண்டு.

மூன்றாவது, பழைய பாதை. 1997இல் நாகானோவுக்கு ஷின்கான்சென் வந்தது. பழைய பாதையில் விரைவு ரயில்கள் நின்று போன கொமோரோ என்ற ஊரைப் புதிய பாதை தொடாமல் போய்விட்டது. மலையேறும் யோகோகாவா - கருயிசாவா பகுதி மூடப்பட்டது. அதற்கு அப்பால் இருந்த பழைய பாதை ஒரு உள்ளூர் நிறுவனத்தின் கைக்குப் போனது. லாபம் வருவதைப் பெரிய நிறுவனம் வைத்துக்கொள்ளும், வராததை ஊர் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று விலைக்கும் வேர் ஒன்றுதான். ரயிலை வேகமாக்கியதும் பாதுகாப்பாக்கியதும் அது தனியாக இருந்தது. நகோயாக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்ததும், கொமோரோவைத் தாண்டிப் போனதும் அதே தனிமைதான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது. பிரான்ஸ் 1981இல் பாரிஸ் - லியோன் பாதையைத் திறந்தபோது, ரயில்கள் நகரத்துக்குள் பழைய தடத்திலேயே பழைய நிலையங்களுக்குப் போயின. புதுப்பாதை இல்லாத ஊர்களுக்கும் அதே ரயில் போகலாம். இரண்டுக்கும் ஒரே அகலம் என்பதால் அது முடிந்தது. ஜப்பானுக்கு 1872இலேயே அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

*

2017 செப்டம்பரில் அகமதாபாத்தில் அபேயும் மோடியும் ஒரு அடிக்கல் நாட்டினார்கள். மும்பை - அகமதாபாத், 508 கிலோமீட்டர். கிட்டத்தட்ட டோக்கியோ - ஒசாகா தூரம்தான். சொன்ன மதிப்பீடு சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய். பெரும்பகுதி ஜப்பானியக் கடன், 0.1 சதவிகித வட்டி, 50 ஆண்டு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், இது 1,435. ஆக இதுவும் நம் மற்ற ரயில்களோடு கலக்காத தனிப்பாதை. பால்கர் மாவட்டத்தின் ஆதிவாசிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். அலையாத்திக் காடுகளை வெட்ட நீதிமன்றம் வரை போனார்கள்.

இது வேண்டுமா வேண்டாமா என்று டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவது சுலபம். சோகோவின் கதை அதைவிடச் சிரமமான கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. முதலில் சொன்ன தொகையில் எது விடுபட்டிருக்கிறது? பின்வாங்க முடியாத இடம் எப்போது வரும், அது வருவதற்கு முன்னால் நமக்குச் சொல்வார்களா? பயணிக்கு மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடத்தையும் யார் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்பதால் ரயில் நின்றுவிடாது. நகோயாவில் கேட்டார்கள், ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சத்தம்தான் குறைந்தது.

உலக வங்கிக் கடனின் கடைசித் தவணையை ஜப்பான் 1981இல் கட்டி முடித்தது. சோகோ இறந்ததும் அதே ஆண்டு, 97 வயதில். டோக்கியோ நிலையத்தின் ஷின்கான்சென் நடைமேடையின் கோடியில் இப்போது அவருடைய முகம் பொறித்த ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள்.