இருவேறு கொடிவழிகள்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் குடும்பக் கொடிவழி வரையச் சொன்னேன். ஒரு மாணவன் பூட்டன், தாத்தா இருவர் பெயருக்குக் கீழும் 'பால்மரம் வெட்டினார்' என்றும், அப்பாவின் பெயருக்குக் கீழே 'லோரி ஓட்டுநர்' என்றும் எழுதியிருந்தான். "என் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது, ஐயா?" என்று கேட்டான். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

நம் நாட்டில் வேறொரு கொடிவழியும் உண்டு. 1946-இல் அம்னோவைத் தோற்றுவித்தவர் டத்தோ ஓன் ஜாபார். அவர்தம் மைந்தர் உசேன் ஓன் 1976 முதல் 1981 வரை பிரதமர். பேரர் ஹிஷாமுடின் அமைச்சராக இருந்தவர். கொள்ளுப்பேரர் ஓன் ஹபிஸ் 2022-இல் ஜொகூர் மந்திரி பெசார் ஆனார். துன் அப்துல் ரசாக் 1976 சனவரியில் மறைந்ததும், அவருடைய பெக்கான் தொகுதியில் 22 வயது மகன் நஜிப் போட்டியின்றி வென்றார். 2009-இல் பிரதமரும் ஆனார். ஜனநாயக செயல் கட்சியிலும் லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங் ஆகியோரின் புதல்வர்கள் தந்தையர் வழியிலேயே வந்தனர்.

வாரிசு அரசியலே வறுமைக்குக் காரணம் என்று கூறிவிடுதல் நேர்மையன்று. 1970-இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் ஏறத்தாழ 49 விழுக்காடு வறுமையில் வாடின. ரசாக் காலத்தில், 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1990-க்குள் அவ்விழுக்காடு 20-க்கும் கீழே இறங்கிற்று. ஆயினும் தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் லயத்து வாசலை எட்டவில்லை. தோட்டம் கைமாறியபோது பாட்டாளிக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. நம் மேருவுக்கு அருகிலிருந்த புக்கிட் ராஜா தோட்ட நிலத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா நகரம் எழுந்து நிற்கிறது.

தலைவர் வீட்டுப் பிள்ளைக்குப் பெயரும் தொகுதியும் தொடர்புகளும் முதுசொம்மாகக் கிடைக்கின்றன. லயத்துப் பிள்ளைக்கு அவற்றுள் எதுவும் இல்லை. முடிவெடுக்கும் மேசையில் ஒரே வீட்டார் மீண்டும் மீண்டும் அமர்ந்தால், லயத்தின் குறையை அங்கு எடுத்துரைப்பார் யார்?

இதனை உணர்ந்தவர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தில் உழைத்தவர்களே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். ஏழை தன் பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒரு பங்குப் பத்திரமேனும் கிடைத்தது.

அம்மாணவனிடம், "உன் பெயருக்குக் கீழே இப்போதைக்கு வெற்றிடமாகவே இருக்கட்டும். தாத்தாவின் பெயருக்குக் கீழே அவர் உழைத்த தோட்டத்தின் பெயரையும் எழுது" என்றேன். அவனுக்கு அது தெரியவில்லை. வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னான்.

உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்றிரவே சொல்லிக் கொடுங்கள்.