கல்லில் பிறந்த தாளம்

பல ஆடியோ இன்டர்ஃபேஸ்களின் மூடியைக் கழற்றினால், சர்க்யூட் போர்டில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உலோகப் பெட்டி ஒன்று தெரியும். மேலே 22.5792 என்று பொறித்திருக்கும். பக்கத்திலேயே 24.576 என்று இன்னொன்று. உள்ளே இருப்பது குவார்ட்ஸ் கல்லின் மெல்லிய சீவல். மின்சாரம் பட்டால் முதல் கல் நொடிக்கு 2 கோடியே 25 லட்சத்துச் சொச்சம் முறை அதிரும். வீட்டு ஸ்டுடியோவில் பதிவாகும் ஒவ்வொரு பாட்டும் இந்த அதிர்வை நம்பித்தான் இருக்கிறது.

இந்தக் கல்லை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880இல் பாரிஸில் கண்டுசொன்னவர்கள் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள். 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் இதே கல்லை வைத்துக் கடிகாரம் செய்தார். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சைகோ நிறுவனம் அதை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது. இசைக்கு அது வந்த வழிதான் சுவாரஸ்யமானது.

22.5792 மெகாஹெர்ட்ஸை 512ஆல் வகுத்தால் 44,100 வரும். ஒரு நொடி ஒலியை இத்தனை துண்டுகளாக, அதாவது சாம்பிள்களாக, அளந்துதான் சிடி எழுதப்படுகிறது. 44,000 என்றோ 45,000 என்றோ முழுசாக வைத்திருக்கக் கூடாதா? 1970களின் கடைசியில், ஒலியை எண்களாக்கிப் பதிய ஆரம்பித்தபோது, அத்தனை எண்களையும் வாங்கிக்கொள்ளும் வேகம் வீடியோ டேப்புக்குத்தான் இருந்தது. சோனியின் பிசிஎம் கருவிகள் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, டிவி படம் மாதிரியே டேப்பில் எழுதின. ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 ஃபீல்டு, ஒவ்வொன்றிலும் 245 கோடு. ஐரோப்பிய முறையில் 50 ஃபீல்டு, 294 கோடு. எப்படிப் பெருக்கினாலும் 44,100. இசைக்காரர்கள் கேட்டு வாங்கிய எண்ணல்ல இது. டிவிப் பெட்டி போட்ட பிச்சை. 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோது அதுவே நிலைத்துவிட்டது. சினிமாவும் வீடியோவும் 48,000 பக்கம் போயின. அதற்குத்தான் அந்த இரண்டாவது கல்.

எல்லாம் ஒரே பெட்டிக்குள் நடந்தவரை ஒரு கல் போதும். 1992இல் கடைக்கு வந்த அலீசிஸ் நிறுவனத்தின் அடாட் அதை மாற்றியது. எஸ்-விஎச்எஸ் கேசட்டில் 8 டிராக் பதியும் இயந்திரம். விலை 3,995 டாலர். 16 இயந்திரங்களைக் கோத்தால் 128 டிராக். பெரிய ஸ்டுடியோவுக்கு மட்டும் சாத்தியமான காரியம் வீட்டு அறைக்குள் வந்தது. 1995இல் வெளிவந்த அலானிஸ் மோரிசெட்டின் ‘ஜாக்ட் லிட்டில் பில்’ இப்படி ஒரு வீட்டு ஸ்டுடியோவில் அடாட்டில் பதிவானதுதான். அன்றைய கேசட் இயந்திரம் மறைந்தாலும், 8 சேனலைச் சிவப்பு ஒளியாக ஒரே இழையில் அனுப்பும் அதன் ஆப்டிகல் இணைப்பு இன்றும் எட்டு சேனல் ப்ரீஆம்ப்களின் முதுகில் இருக்கிறது.

பெட்டி இரண்டாகி, ஒவ்வொன்றும் தன் கல்லின்படி ஓடினால் சிக்கலும் வந்துவிடும். ஒரே எண் பொறித்த இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. 10 லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே, 2 நொடிக்குச் சற்று மேல் ஒரு முறை ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். ஸ்பீக்கரில் அது ‘டிக்’ என்று கேட்கும். மைக்கையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்து நொந்துபோகிற பலர் தேடும் குற்றவாளி இதுதான். ஒன்று 44,100இலும் மற்றது 48,000இலும் ஓடினால் விபரீதம் பெரிது: குறைந்த வேகத்தில் பதிந்ததை அதிக வேகத்தில் ஓடவிட்டால், 1 கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கட்டையில் கேட்பார்.

கச்சேரியில் தாளம் போடுவது ஒருவர், மற்றவர்கள் அவரைப் பார்த்து வாசிப்பார்கள். இங்கேயும் அதே நியாயம்: ஒரு கருவி மாஸ்டர், மீதி எல்லாம் பின்பாட்டு. கல்லின் துடிப்பு பெட்டியை விட்டு வெளியேற இரண்டு பாதை உண்டு. ஆப்டிகல் கேபிளில் ஒலியோடு ஒலியாகவே கலந்து போகும். ‘வேர்ட் கிளாக்’ என்று எழுதிய பிஎன்சி சாக்கெட்டில் தனியாகப் போகும். அந்தத் தனிப் பாதைக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய கணினி நெட்வொர்க்கின் 50 ஓம் கேபிளும் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். மாட்டினால் பொருந்தவும் செய்யும். ஆகவே மேலே ‘ஆர்ஜி-59’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலியின் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் டெர்மினேஷன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பு முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் துடிப்பைக் குழப்பும்.

போய்ச் சேர்ந்த இடத்தில், பிஎல்எல் என்ற சர்க்யூட் வந்த துடிப்பைப் பின்தொடர்ந்து தன் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். சொந்தக் கல்லைக் கேட்டு ஓடுவதைவிட இது ஒரு படி கூடுதல் வேலை. அதனால்தான், தனி மாஸ்டர் கிளாக் பெட்டி வாங்கினால் ஒலி தெளியும் என்ற விளம்பரப் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. நன்றாகச் செய்த கருவிக்கு அதன் உள்ளேயே இருக்கும் கல்தான் சிறந்தது. டஜன் கருவிகளும் வீடியோவும் சேர்ந்து ஓடும் பெரிய கூடங்களுக்கு அந்தப் பெட்டி தேவை. வீட்டில் ஒரு இன்டர்ஃபேஸும் ஒரு ப்ரீஆம்பும் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு.

ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள்தான் போகிறதென்றால், ப்ரீஆம்பை ‘இன்டர்னல்’ என்றும் இன்டர்ஃபேஸை ‘அடாட்’ என்றும் வையுங்கள். இரண்டிலும் ஒரே சாம்பிள் ரேட்டைப் போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் சுவருக்குக் கனமான திரை வாங்கலாம்.