கீழாநெல்லிச் சாற்றில் 633: நிறை நிறமாலையியலைக் கொண்டு எதை உறுதியாகச் சொல்லலாம்?

1. செடியும் பெயரும்

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் வாய்க்கால் ஓரமாக முளைக்கும் கீழாநெல்லியின் கிளையைப் புரட்டினால், இலைகளுக்கு அடியில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்கும். தமிழ்ப் பெயர் அதிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் இதை டுக்கோங் அனாக் என்கிறார்கள். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். இரு மொழியும் கண்டது ஒரே காட்சிதான்.

ஆனால் இந்தப் பெயருக்குள் பில்லாந்தஸ் நிரூரி, அமாரஸ், யூரினாரியா எனப் பல இனங்கள் அடங்கும். யூரினாரியாவின் காய் சொரசொரப்பானது, காம்பற்றது. காயவைத்துப் பொடித்துவிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. இது சிறு குழப்பமன்று. 1988-இல் சென்னையில் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் உள்ளிட்ட குழு, பில்லாந்தஸ் அமாரஸ் கொடுக்கப்பட்ட 37 ஹெபடைடிஸ் பி நோய்த்தொற்றாளர்களில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதியது. பின்வந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. காரணம் எதுவானாலும், உட்கொண்ட பொடி எந்த இனம், அதில் என்ன சேர்மம் என்பது தெரியாமல் இரு ஆய்வுகளை ஒப்பிட முடியாது.

2. கருவி காட்டுவது

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொங்காட் அலி முதலிய மூலிகைச் சாறுகள் 'மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி' எனும் நிறை நிறமாலையியல் முறையில் ஆராயப்பட்டுள்ளன. சாற்றின் சேர்மங்களை நீர்ம நிறப்பகுப்பு பிரித்து அனுப்ப, மின்தூவல் அவற்றுக்கு மின்னூட்டம் ஏற்ற, கருவி நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதத்தை அளக்கிறது.

கீழாநெல்லியில் எதிர்மின் முறையில் 633 என்ற முகடு எழும். அந்த அயனியை உடைத்தால் 170 குறைந்து 463. அது காலிக் அமிலம் கழன்றதன் அடையாளம். மேலும் 162 போனால் 301, எலாஜிக் அமிலத்தின் அயனி. கூட்டிப் பார்த்தால் கோரிலாஜின் என்ற டானின்.

3. எண் ஒன்று, சேர்மம் இரண்டு

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஸ்ட்ரிக்டினின் என்ற டானினுக்கும் அதே மூலக்கூறு வாய்பாடு, அதே நிறை. உடையும் விதமும் ஏறத்தாழ ஒன்றே. தூய கோரிலாஜினை அதே கருவியில் ஓட்டி, வெளிவரும் நேரமும் துண்டுகளும் ஒத்துப்போனால்தான் 'அடையாளம் கண்டோம்' எனலாம். 2007-இல் வகுக்கப்பட்ட வளர்சிதைமாற்றப் பொருள் ஆய்வு நெறிமுறை இதை முதல் நிலை என்கிறது. தரவுத்தளத்தோடு மட்டும் ஒப்பிட்டால் அது இரண்டாம் நிலை, அதாவது உத்தேசம்.

நம் மூலிகை ஆய்வுகள் பலவற்றில் இந்த எல்லை அழிந்துவிடுகிறது. ஆவி நிறப்பகுப்பில் கருவியின் நிறமாலை நூலகம் தந்த பெயர்ப்பட்டியலை அப்படியே 'கண்டறியப்பட்ட சேர்மங்கள்' என அச்சிடுகிறார்கள். கோரிலாஜின் எளிதில் ஆவியாகாது. அந்த முறையில் அது தென்படாமல் போவதால் செடியில் இல்லை என்றாகிவிடாது.

4. செய்ய வேண்டியது

பொடிமூட்டையோடு காயுள்ள ஒரு கிளையையும் உலர்த்திப் பாதுகாக்க வேண்டும். அமாரஸில் மிகுந்துள்ள பில்லாந்தின், சோடியம் ஏற்று நேர்மின் முறையில் 441-இல் வரும். அதையும் தூய மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது எந்த நிலை அடையாளம் என்று எழுத வேண்டும்.