நோன்பு இரவுகளில் ஆடிய நிழல்கள்

பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பும் நம் சிறுவர்கள் இன்று முதலில் நாடுவது தொலைக்காட்சியில் ஓடும் கேலிச்சித்திரப் படங்களைத்தான். பண்டிகை நாளில் சித்திரங்களை அசைத்துக் காட்டிக் குழந்தைகளை மகிழ்விக்கும் இவ்வழக்கம் மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறோ வேறு கதை சொல்கிறது. திரையில் உருவங்களை அசைத்துக் காட்டும் கலை முஸ்லிம் நகரங்களில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஒன்று. அது மிகுதியாக ஆடப்பட்ட காலமும் ரமளானின் இரவுகளே.

அரபியர் இதனைக் 'கயாலுழ் ழில்' என்றனர். நிழலுருவம் என்பது இதன் பொருள். தோலில் வெட்டிய உருவங்களைக் கோல்களில் பொருத்தி, வெண்திரைக்கும் விளக்குக்கும் இடையே அசைப்பர். காண்போர் திரையின் மறுபுறம் அமர்ந்திருப்பர். ஒளியியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில், கண் ஏமாறும் விதத்தை விளக்க இவ்வாட்டத்தை எடுத்துக் காட்டுகிறார். ஆகவே அது அவர் காலத்து மக்கள் நன்கறிந்த காட்சியாக இருந்திருத்தல் வேண்டும்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதிலிருந்து தவ்ஹீதின் பாடமொன்றை எடுத்தார்கள். பாவைகள் தாமே ஆடுவதாகச் சிறுவர் நினைப்பர். மயிரினும் நுண்ணிய கயிறுகளை ஒருவன் பின்னாலிருந்து இழுக்கிறான் என்பதை அறிவுடையோர் அறிவர் என்னும் கருத்தை 'இஹ்யா'வில் காணலாம். சுல்தான் ஸலாஹுத்தீன், தம் அமைச்சர் அல்காளீ அல்பாளிலை இவ்வாட்டத்தைக் காண வற்புறுத்தியதாகவும் ஒரு செய்தி உண்டு. அரசுகள் வருவதையும் போவதையும் கண்டேன், திரையைச் சுருட்டியபோது ஆட்டுவித்தவன் ஒருவனே எனக் கண்டேன் என்ற பொருள்பட அவர் விடை கூறினாராம்.

இத்துணை உயர்ந்த பாடம் தந்த ஆட்டம் எப்போதும் உயர்ந்ததாகவே இருந்ததா எனில், இல்லை. மோஸுலில் பிறந்து, தாத்தாரியர் படையெடுப்புக்குப் பின் கெய்ரோவில் குடியேறிய இப்னு தானியால் என்னும் கண் மருத்துவர் 13ஆம் நூற்றாண்டில் மூன்று நிழலாட்ட நூல்களை இயற்றினார். இடைக்கால அரபு நிழலாட்டத்தில் முழுமையாக நமக்குக் கிடைத்துள்ளவை இவையே. அவற்றின் அரபு நடை உயர்ந்தது. நகைச்சுவையோ பல இடங்களில் வரம்பு கடந்தது. பாம்பாட்டி, மருந்து விற்போன், கழைக்கூத்தாடி எனக் கடைத்தெரு மாந்தர் யாவரும் அவற்றில் வந்து பேசுகின்றனர். அந்நாளைய மக்களின் வாழ்வை அறிய விழையும் வரலாற்றாசிரியருக்கு அவை அரிய செல்வமாகும்.

ஆட்சியாளர் இக்கலையை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1451இல் சுல்தான் ஜக்மக் நிழற்பாவைகளை எரிக்க ஆணையிட்டார். 1517இல் எகிப்தை வென்ற உதுமானிய சுல்தான் முதலாம் ஸலீமோ, இறுதி மம்லூக் சுல்தான் தூமான்பே தூக்கிலிடப்பட்ட நிகழ்ச்சியை நிழலாட்டமாகக் கண்டு, ஆட்டக்காரனுக்குப் பரிசளித்து, இஸ்தான்பூலுக்கு வருமாறு பணித்தார். இதனை எழுதி வைத்தவர் அக்காலத்து வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ்.

துருக்கியில் இக்கலை கராகோஸ் என்னும் பெயரில் செழித்தது. தராவீஹ் முடிந்தபின் காப்பிக் கடைகளில் மக்கள் கூடுவர். இரவுக்கொரு கதை நடைபெறும். லைலத்துல் கத்ர் இரவில் மட்டும் ஆட்டமில்லை. திரை என்பது இவ்வுலகம் என உணர்த்தும் ஞானப்பாடலுடன் ஆட்டம் தொடங்கும். படிப்பறியாத கராகோஸும் படித்த ஹாஜிவாத்தும் ஒருவரையொருவர் வாயடக்க முயலும் வேடிக்கையே கதையின் உயிர்.

இதைப் படிக்கும் நாஞ்சில் நாட்டாருக்கு உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் நினைவுக்கு வராமற் போகார். நம் மாவட்டத்தில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞர்கள் தமிழில் நடத்திவரும் தோற்பாவைக் கூத்தில் இராமகதைக்கு இடையே தோன்றி ஊரைச் சிரிக்க வைக்கும் இணையர் இவர்கள். சமயம் வேறு, மொழி வேறு. எனினும் தோலும் விளக்கும் திரையும் சிரிப்பும் ஒன்றே.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுல் காலே என்னும் ஜெர்மானிய அறிஞர் கெய்ரோவில் வாழ்ந்து வந்தார். நிழலாட்டத்தைத் தேடிச் சென்ற அவர், நைல் கழிமுகத்திலுள்ள மன்ஸலா என்னும் ஊரில் பழைய தோலுருவங்களையும், ஆட்டப் பாடல்கள் அடங்கிய கையெழுத்துச் சுவடியையும் கண்டெடுத்தார். கப்பல்களும் வீரர்களும் பறவைகளுமாக வெட்டப்பட்ட அவ்வுருவங்கள் மம்லூக் காலத்து மரபைக் காட்டுவன. கிடைத்த ஆட்டங்களுள் ஒன்று அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. 14ஆம் நூற்றாண்டில் நிலநடுக்கங்களால் பாழடைந்த அவ்விளக்கம், ஆட்டக்காரரின் நினைவில் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காலே அதனை 1930இல் நூலாக வெளியிட்டார். இப்னு தானியாலின் மூன்று நூல்களையும் அரபு மூலத்தில் பதிப்பிக்க அவர் நெடுநாள் உழைத்தார். அவர் 1964இல் மறைந்தார். அப்பதிப்பு 1992இல்தான் வெளிவந்தது.

ஜெர்மனியிலேயே இந்நிழலுக்கு மற்றொரு வாழ்வும் கிடைத்தது. லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி கரிய காகிதத்தில் உருவங்களைக் கத்தரித்து, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனிப்படமாக எடுத்து, மூன்றாண்டு உழைப்பில் ஆயிரத்தோர் இரவுகளின் இளவரசர் அஹ்மத் கதையை 1926இல் வெளியிட்டார். இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைசித்திரப் படங்களுள் மிகப் பழையது அதுவே. நம் சிறுவர் காணும் சித்திரங்களின் முன்னோர் வரிசையில் அரபுக் கதைக்கும் இடமுண்டு.

கராகோஸை யுனெஸ்கோ 2009இல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. சிரியாவின் நிழலாட்டத்தை 2018இல், உடனே காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. எரிக்கப்பட்டது ஒன்று, மறக்கப்பட்டது ஒன்று, பிறர் தேடி எடுத்தது ஒன்று. இதுவே இக்கலையின் வரலாறு.

நம்மிடம் நிழற்பாவைகள் இல்லை. ஆனால் முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் மஸ்அலாக்களும் படைப்போர்களும் உண்டு. அவை நோன்பு இரவுகளிலும் ரபீயுல் அவ்வல் இரவுகளிலும் நம் முன்னோரின் செவிக்கு விருந்தானவை. அவற்றுட் பல அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. இங்கேதான் இடர் உள்ளது. எழுத்து அரபு எழுத்தாதலால், படிக்கத் தெரியாத இளையோர் அவ்வேடுகளைச் சிதைந்த குர்ஆன் தாள்கள் என்றெண்ணி, மரியாதையோடு மண்ணில் புதைத்துவிடவோ கடலில் விட்டுவிடவோ கூடும். ஜக்மக்கின் நெருப்பு வெறுப்பினால் செய்ததை, நம் பணிவு அறியாமையினால் செய்துவிடலாகாது.

ஆகவே குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பரணிலும் மரப்பெட்டியிலும் உள்ள பழைய ஏடுகளை அகற்றுமுன், அரபுத்தமிழ் அறிந்த ஆலிம் ஒருவரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ காட்டி, என்ன நூலென்று கேளுங்கள். அவர் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். உங்கள் பிள்ளைகளும் அருகிருந்து கேட்கட்டும்.