பட்டியலில் இல்லாதவர் மீது விழுந்த கல்

1960 ஆகஸ்டில் பம்பாயில் ‘மார்மிக்’ என்னும் மராத்திய வார இதழ் தொடங்கப்பெற்றது. ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் கேலிச்சித்திரக்காரராக இருந்து விலகிய பால் தாக்கரே அதன் நிறுவனர். நகைச்சுவை இதழாகப் பிறந்த அதற்குப் பெரும் பேர் பெற்றுத் தந்த பத்தியில் நகைச்சுவையும் இல்லை, வாதமும் இல்லை. நகர அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர்களின் பெயர்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டன. தொலைபேசி விவரத் திரட்டே அதற்கு ஒரு மூலம்.

பத்தியின் தலைப்பு ‘வாசா ஆணி தண்ட பசா’. ‘படியுங்கள், படித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள்’ என்பது அதன் பொருள். பின்னர் அது ‘வாசா ஆணி உட்டா’, அதாவது ‘படியுங்கள், எழுந்திருங்கள்’ என்று மாறிற்று. இரண்டும் ஏவல் வினைகளே. முதல் தலைப்பில் உட்காரச் சொல்வது குத்தல். எழச் செய்வதே அதன் உட்குறிப்பு. ஆனால் எவரையும் அடிக்கச் சொல்லும் சொல் இரண்டிலும் இல்லை.

படித்தவர்களின் மனக்குறை கற்பனையன்று. மகாராஷ்டிர மாநிலத்தின் தலைநகரான அந்நகரில் மராத்தி பேசுவோர் பாதிக்கும் குறைவு. ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் கற்றுவந்த தென்னிந்தியர்கள் எழுத்தர் பணிகளில் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தனர். மாதுங்காவும் செம்பூரும் அவர்களது குடியிருப்புகளாக வளர்ந்தன. வேலையின்மையின் காரணங்கள் பல. பட்டியல் அவற்றுக்கு ஒரே முகத்தைக் கொடுத்தது. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோரும் ‘மதராசி’ ஆயினர். நான்கு மொழிகளும் ‘யண்டு குண்டு’ என்ற ஒற்றைக் கேலி ஒலியாகச் சுருங்கின.

1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று சிவாஜி பூங்காவில் அதன் முதல் பெருங்கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து கலைந்தவர்களில் ஒரு பகுதியினர் வழியிலிருந்த உடுப்பி உணவகங்களைத் தாக்கினர். இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. பட்டியலில் இருந்தோர் அலுவலர்கள். கல் விழுந்ததோ இட்லி விற்ற கடையின் மீது. ஏன்?

இதற்கு விளக்கம் தேட ஓர் ஆய்வுகூடச் சோதனை உதவும். 1971இல் டால்ஃப் சில்மன் என்ற தகவல் தொடர்பியல் அறிஞர் ‘கிளர்ச்சி இடமாற்றம்’ பற்றிய சோதனையை வெளியிட்டார. முதலில் ஒருவருக்குச் சினமூட்டி, பின்பு ஒரு படம் காட்டி, அதன்பின் சினமூட்டியவருக்கு மின்னதிர்ச்சி தரும் வாய்ப்பை அளித்தனர். குத்துச்சண்டைப் படம் பார்த்தவரைக் காட்டிலும், உடலை மிகுதியாகக் கிளர்த்திய பாலுணர்வுப் படம் பார்த்தவர் கடுமையான அதிர்ச்சி தந்தனர். படத்தில் வன்முறை இருந்ததா என்பதைவிட, உடல் எவ்வளவு கிளர்ந்தது என்பதே முன்னின்றது. ஓரிடத்தில் எழுந்த கிளர்ச்சியின் எச்சம் மற்றோரிடத்தின் சினத்தோடு சேர்ந்து அதைப் பெருக்குகிறது.

ஆய்வுகூடம் வேறு, நகரம் வேறு. ‘மார்மிக்’ படித்த பெரும்பாலோர் கல்லெடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் படிகள் ஒத்திருக்கின்றன. வேலையின்மை சினத்தைத் தந்தது. பட்டியல் அதை வாரந்தோறும் புதுப்பித்தது. மைதானத்து முழக்கம் உடலைக் கிளர்த்தியது. கலைந்து செல்லும் கூட்டத்தின் கைக்கு அலுவலக மேலாளர் எட்டமாட்டார். தெருவோரத்து உணவகம் எட்டும். அதன் பெயர்ப்பலகையே போதிய அடையாளம்.

கால் நூற்றாண்டுக்குப் பின் இலக்கு மாறியது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களில் தாராவியும் எரிந்தது. இம்முறை பெரிதும் இலக்கானோர் முஸ்லிம்கள். அவற்றை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை 1998இல் வெளிவந்தது. சுமைதொழிலாளர் கொலைகளையும் ராதாபாய் சால் நிகழ்வையும் மிகைப்படுத்தி எழுதிய ‘சாம்னா’, ‘நவாகாள்’ ஏடுகள் உணர்ச்சிகளைக் கொதிநிலைக்குக் கொண்டுசென்றன என்று அது பதிவுசெய்தது. கொலைகள் நடந்தவைதாம், எழுதப்பட்ட விதமே தீயாயிற்று.

‘நாங்கள் பெயர்களைத்தானே அச்சிட்டோம், நடந்ததைத்தானே எழுதினோம்’ என்ற வாதம் இவ்விரண்டு காலங்களுக்கும் பொருந்தும். எழுத்தில் ‘அடி’ என்ற சொல்லை மட்டும் தேடுபவருக்கு அது கிடைக்காது. உடைந்த உணவகத்தின் ஊழியர் பெயரைப் பட்டியலில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது.