திருப்பி அனுப்பியதற்கும் ஒரு விலையா? பிரித்தானிய வங்கிக் கட்டணத் தீர்ப்பு: ஒரு மறுவாசிப்பு

பிரித்தானிய வங்கிக் கட்டணங்களின் வரலாற்றில் 2009 நவம்பர் 25ஆம் தேதித் தீர்ப்பை முற்றுப்புள்ளியாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் நியாய வணிக அலுவலகம். மறுபக்கம் அபே நேஷனல் முதலிய ஏழு வங்கிகளும் நேஷன்வைடு கட்டடச் சங்கமும். கணக்கில் பணம் போதாதபோது பிடிக்கப்படும் கட்டணங்கள் வங்கிச் சேவைக்குக் கொடுக்கும் விலையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றத்தில் வாக்கர் பிரபு விளக்கினார். விலை என்று ஏற்றுவிட்டால், அது சேவைக்குத் தகுந்ததா என்று நீதிமன்றம் எடைபோட முடியாது. வழக்கில் இருந்த நான்கு வகைக் கட்டணங்களில் மூன்றுக்கு இவ்விளக்கத்தை ஏற்கலாம். பட்டுவாடாவை மறுத்துத் திருப்பி அனுப்பியதற்காகப் பிடிக்கும் நான்காவது வகைக்கு அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மிகைப்பற்று தோன்றியது உடன்பாடாகத்தான். ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1728இல் எடின்பரோ வணிகர் வில்லியம் ஹாக்குக்கு, இருப்புக்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள அனுமதி தந்தது. வரம்பு முன்கூட்டியே பேசப்பட்டது. எடுத்த பணத்துக்கு வட்டி. உடன்பாடு இல்லாத மிகைப்பற்றோ வேறு வழியில் சட்டத்துக்குள் வந்தது. இருப்புக்கு மேல் காசோலை எழுதுபவர், அத்தொகையைக் கடனாகத் தருமாறு வங்கியைக் குறிப்பாகக் கேட்கிறார் என்று நீதிமன்றங்கள் கருதின. 2000ஆம் ஆண்டின் லாய்ட்ஸ் வங்கி – வாலர் வழக்கும் அதையே சொன்னது. கேட்டதைத் தரலாம், மறுக்கலாம்; அது வங்கியின் உரிமை. அந்த மறுப்புக்குத் தனிக் கட்டணம் எந்த ஆண்டு தொடங்கியது என்று ஒரே தேதியை நாட்டுவது சரியாகாது. வங்கிக்கு வங்கி நடைமுறை மாறியது. ஆனால், கணக்கில் இருப்பு வைத்திருப்போருக்கு அன்றாடச் சேவை இலவசம் என்று மிட்லண்ட் வங்கி 1984இல் அறிவித்து, மற்ற வங்கிகளும் அதே வழிக்கு வந்த பிறகு, பற்றாக்குறைக் கட்டணங்களின் பளு கூடியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அறுதியிட மாட்டேன். அவை சேர்ந்தே வளர்ந்தன என்பதை மட்டும் சொல்லலாம்.

2000களின் நடுப்பகுதியில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஒருவர் கணக்கில் 4 பவுண்டு இருக்கிறது. தொலைபேசிக் கட்டணத்துக்கான டைரக்ட் டெபிட் 9 பவுண்டுக்கு வருகிறது. வங்கி அதைச் செலுத்தாமல் திருப்புகிறது. கடன் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் திருப்பியதற்கு 30 பவுண்டுக்கு மேல் பிடிப்பது அன்று சாதாரணம். அந்தப் பிடித்தமே கணக்கைப் பற்றாக்குறைக்குள் தள்ளும். அடுத்த பட்டுவாடாவும் திரும்பும். இன்னொரு கட்டணம் விழும். தொலைபேசி நிறுவனத்துக்குச் சேர வேண்டிய 9 பவுண்டு மட்டும் அப்படியே நிற்கும்.

வாக்கர் பிரபுவின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நடப்புக் கணக்கு என்பது பல சேவைகளின் தொகுப்பு. வாடிக்கையாளர் கொடுக்கும் ஈடும் ஒரே உருவில் இல்லை: இருப்புக்குக் கிடைக்காமல் போகும் வட்டி, மிகைப்பற்று வட்டி, இக்கட்டணங்கள் என்று பிரிந்து வருகிறது. இவற்றில் ஒன்றை முதன்மை என்றும் மற்றொன்றைத் துணை என்றும் பிரிக்க அளவுகோல் இல்லை. எனவே, சராசரி வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் உள்ளடக்கமாக எதைக் கருதுவார் என்று கேட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அணுகுமுறையை அவர் தள்ளினார். வருமானக் கணக்கும் அவர் பக்கமே நின்றது. நியாய வணிக அலுவலகத்தின் 2008 ஆய்வின்படி, 2006இல் தனிநபர் நடப்புக் கணக்குகளால் வங்கிகளுக்கு வந்த 830 கோடி பவுண்டில் 260 கோடி பற்றாக்குறைக் கட்டணங்கள். இவ்வளவு பெரிய தொகையைத் துணை வரவு என்று தள்ளிவிட முடியாது என்பது நியாயமான பேச்சுத்தான்.

ஆயினும் வருமானத்தின் அளவு, அத்தொகை வங்கிக்கு எவ்வளவு தேவை என்பதைத்தான் காட்டுகிறது. எதற்கு ஈடாக அது வாங்கப்பட்டது என்பதற்கு அதில் விடையில்லை. தொகுப்பின் விலை என்ற வாதம் இங்கேதான் தடுமாறுகிறது. அதே 2006இல் ஏறத்தாழ 1.26 கோடிக் கணக்குகளில் ஒரு தடவையாவது இத்தகைய கட்டணம் விழுந்தது. பெரும்பான்மைக் கணக்குகளில் எதுவும் விழவில்லை. எல்லோரும் ஒரே விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதை ஏற்போம். ஆனால் பட்டுவாடா திரும்பியவர் பெற்றது, மற்றவர்கள் பெற்ற தொகுப்பில் ஒன்று குறைவு. குறைவாகப் பெற்றவரிடம் கூடுதலாக வாங்குவதைத் தொகுப்பின் விலை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? கோரிக்கையைப் பரிசீலித்ததே சேவை என்று வங்கித் தரப்பில் பதில் வரலாம். பரிசீலனைதான் சேவை என்றால், அதன் பயன் கட்டணம் கொடுப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். தனக்கு வரக்கூடிய இடரைத் தவிர்க்க வங்கி செய்துகொள்ளும் கணக்குப் பார்த்தலை அப்படி எண்ண முடியவில்லை.

இவ்விடத்தில் சட்ட வாசகத்தின் இரு வடிவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நுகர்வோர் ஒப்பந்தங்களின் நியாயமற்ற நிபந்தனைகளைப் பற்றிய 1994 விதிகளின் 3(2) பிரிவு, விற்ற அல்லது அளித்த பொருள், சேவைக்கு விலை தகுந்ததா என்பதைப் பற்றிய நிபந்தனையை முழுவதுமாகவே நியாயச் சோதனையிலிருந்து விலக்கியது. 1999 விதிகளின் 6(2) பிரிவு இரண்டு மாற்றங்களோடு வந்தது. நிபந்தனை சோதனைக்கு உட்பட்டதே. அச்சோதனை விலையின் தகுதியை மட்டும் தொடக் கூடாது என்பது ஒன்று. ஒப்பிட வேண்டியது, ஈடாக அளிக்கப்பட்ட பொருளையும் சேவையையும் என்பது மற்றொன்று. இரண்டும் 1993ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியாணையை ஒட்டியவை. முதல் மாற்றம் தீர்ப்பில் உரிய கவனம் பெற்றது. வேறு காரணங்களைக் கொண்டு கட்டணங்களை எதிர்க்க வழி உண்டு என்று பிலிப்ஸ் பிரபு தெளிவாகவே சொன்னார். இரண்டாவது மாற்றத்தை நான்கு கட்டணங்களுக்கும் தனித்தனியே பொருத்திப் பார்த்திருந்தால், திருப்பிய கட்டணம் மற்ற மூன்றிலிருந்து பிரிந்திருக்கும். கணக்கைத் தொகுப்பாகப் பார்த்தது அந்தக் கேள்விக்கே இடம் தரவில்லை.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை மீறியதற்கான தண்டத் தொகையாக இக்கட்டணங்களைப் பார்க்கலாம் என்ற வழியை, அன்று நடைமுறையில் இருந்த நிபந்தனைகளைப் பொறுத்தவரை 2008 ஏப்ரலிலேயே நீதிபதி ஆண்ட்ரூ ஸ்மித் அடைத்துவிட்டார். ஆகவே இவற்றைத் தண்டம் என்று நான் சொல்லவில்லை. தண்டமும் அல்லாத, ஈடுள்ள விலையும் அல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதற்குச் செலவே அளவு என்கிறேன்.

இது வெறும் ஊகம் அன்று. தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன், 2009 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பணச் சேவை விதிகள், பட்டுவாடா மறுப்பை அறிவிப்பதற்கான கட்டணம் உண்மைச் செலவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றன. அது அறிவிப்பைப் பற்றியதுதான். மறுப்பு முழுவதையும் பற்றியதன்று. எனினும் மறுப்பைக் கடனிலிருந்து பிரித்துப் பார்க்கும் எண்ணம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2014இல் ஹங்கேரியின் காஸ்லர் வழக்கில், சுவிஸ் பிராங்க்கில் கணக்கிட்ட வீட்டுக் கடனின் மாற்று விகித வேறுபாடு எந்தச் சேவைக்கும் ஈடாகாததால் அதை ஊதியமாகக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றத்துக்குக் கேள்வியை அனுப்ப வேண்டாம் என்று 2009இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் முடிவு செய்திருந்தது.

இறுதியில் மறுப்பைக் கடனிலிருந்து பிரித்தது பிரித்தானியாவின் நிதி நடத்தை ஆணையம். 2016இல் உடன்பாடற்ற மிகைப்பற்றுக் கட்டணங்களில் பாதிக்கு மேல் வெறும் 1.5 விழுக்காடு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்ததைக் கண்ட அது, 2020 ஏப்ரல் முதல் நிலையான கட்டணங்களைத் தடுத்து, மிகைப்பற்றுக்கு ஆண்டு வட்டி ஒன்றையே அனுமதித்தது. திருப்பிய பட்டுவாடாவுக்கு மட்டும் தனி அளவுகோல்: கட்டணம் செலவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஆண்டு வட்டி பல வங்கிகளில் 40 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்ததால், கடனின் விலை பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அது வேறு கேள்வி. கடனே கொடுக்காமல் திருப்பி அனுப்பியதற்கு வாங்கும் பணத்தைக் கடனின் விலையோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பதை 2020 விதிகள் ஏற்றுக்கொண்டன. அதற்கு இடம் தரும் வாசகம் 1999இலேயே இருந்தது.